நாய்க்கு எதற்கு சாதிச் சான்றிதழ்?

நம்ம ஊரில் எதை வாங்கினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்... 'ஒரிஜினலா?'

பட்டுப்புடவை என்றால் ஒரு நூலை உருவிக் கொளுத்தி முகர்ந்து பார்ப்போம். தங்கம் என்றால் 916 முத்திரையைத் தேடுவோம். தேன் என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியை முக்கி உரசிப் பார்ப்பது என்று ஆளுக்கொரு சோதனை. இதில் உச்சம், 'சுத்தமான தேனை நாய் நக்காது' என்பது. ஆக, தேனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை குத்துகிற அதிகாரியாக நாயை நியமித்தாகிவிட்டது. சரி, அந்த நாய் ஒரிஜினலா என்று யார் பார்ப்பது?

அதற்கும் ஆள் இருக்கிறது. பெரம்பலூர் - அரியலூர் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் குட்டி ஒன்றைக் காட்டி, 'இது சாதி நாயா பாருங்கண்ணே' என்று கேளுங்கள். அடுத்த நிமிடம் பெஞ்ச் பரிசோதனைக்கூடமாகிவிடும். ஒருத்தர் பிடரித் தோலைப் பிடித்து அந்தரத்தில் தூக்குவார். கத்தாமல் தொங்கினால் பாஸ். இன்னொருத்தர் வாயைப் பிளந்து மேல் அண்ணத்தைப் பார்ப்பார். கறுப்பாக இருந்தால் 'அசல்'. மூன்றாமவர் நகத்தை எண்ணுவார். பின்னங்காலில் உபரியாக ஒரு நகம் இருந்தால், 'சுத்தமான ரத்தம்ங்க, விட்றாதீங்க!' வால் சுருண்டால் ஃபெயில். காது நிமிர்ந்தால் டிஸ்டிங்ஷன்.

கிண்டல் செய்யவில்லை. சென்னையிலும் இதே சோதனைகள்தான். கொஞ்சம் இங்கிலீஷ் கலந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால், இவற்றில் ஒன்றுகூடத் தேறாது என்பதுதான் பிரச்னை.

அண்ணத்தின் கறுப்பு வெறும் நிறமி. தெருவில் திரிகிற எத்தனையோ நாய்களின் வாய்க்குள்ளும் அது இருக்கும். பின்னங்கால் நகம் சில வெளிநாட்டு இனங்களில் இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலான இனங்களில் கிடையாது. தெருநாய்க்கும் வரும். அல்சேஷன் குட்டிக்குக் காது நிமிர நாலைந்து மாதம்கூட ஆகும். பல் விழுந்து முளைக்கிற சமயத்தில் நிமிர்ந்த காதே கொஞ்ச நாள் மடங்கிக்கொள்ளும். டால்மேஷியன் குட்டி பிறக்கும்போது வெள்ளைவெளேர் என்றுதான் இருக்கும். புள்ளிகள் தலைகாட்ட இரண்டு, மூன்று வாரம் ஆகும். பிறந்த அன்றே போய்ப் பார்த்து, 'புள்ளியே இல்லையே, டூப்ளிகேட்' என்று திரும்பி வந்தவர் கோட்டைவிட்டவர்! பிடரியைப் பிடித்துத் தூக்கும் சோதனையில் தெரிவது ஒன்றே ஒன்றுதான். தூக்குகிறவருக்கு நாய் வளர்க்கத் தெரியாது.

பூனை விஷயம் இன்னும் மோசம். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வீர் என்பவர் பெரிய அளவில் பூனைக் கண்காட்சி நடத்திய பிறகுதான், பூனைகளை இனம் பிரித்து ஏடு எழுதுகிற பழக்கமே சூடுபிடித்தது. உலகத்துப் பூனைகளில் பெரும்பாலானவை எந்த இனத்தையும் சேராத சாதாரணப் பூனைகள். ஆனால், நம் ஊர்க் கடைகளில் முடி கொஞ்சம் நீளமாக இருந்துவிட்டால் 'பெர்ஷியன்' என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். விலையில் ஒரு பூஜ்யம் கூடிவிடும். நீள முடிக்குக் காரணம் ஒடுங்கிய நிலையில் இருக்கிற ஒரு மரபணு. குட்டை முடியுள்ள இரண்டு சாதாரணப் பூனைகள் அதை ரகசியமாகச் சுமந்துகொண்டிருந்தால், அவற்றுக்கே நீளமுடிக் குட்டி பிறக்கும். ஈரானுக்கும் அந்தக் குட்டிக்கும் எந்த ஒட்டும் உறவும் இருக்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதில் என்ன ஆபத்து என்பதைப் பெரம்பலூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் குன்னத்தில் ஒரு குளத்தைத் தோண்டும்போது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் கிடைத்தன. 'டைனோசர் முட்டை!' என்று செய்தி பரவி, ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, 'முட்டை இல்லை. அம்மோனைட் என்கிற பழங்காலக் கடல் உயிரினத்தைச் சுற்றி மண் படிந்து இறுகிய உருண்டைகள்' என்றார்கள். அந்தப் பகுதி கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் கடல். ஒரு பொருள் உருண்டையாக இருப்பதாலேயே முட்டையாகிவிடாது. ஒரு குட்டி வெளுப்பாக, தொங்கு காதோடு இருப்பதாலேயே லேப்ரடார் ஆகிவிடாது.

விஞ்ஞானிகள் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்று இருவர். பாசென்ஜி, காக்கர் ஸ்பானியல் என்ற இரண்டு இனங்களை இணை சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளை மறுபடி ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். பேரக்குட்டிகளில் பல, தாத்தா பாட்டி இரண்டு பேர் சாயலிலும் இல்லை. அவர்களுடைய புத்தகம் 1965-ல் வந்தது. படங்களைப் பார்க்கிறவர்கள் வேறு ஏதேதோ இனத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். 2009-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், 20 கலப்பு நாய்களைத் தத்துக் கொடுத்த காப்பகங்கள் 'இது இந்த இனக் கலப்பு' என்று சொன்னதையும் டி.என்.ஏ. சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் பொருந்தவில்லை. தினமும் நாயோடு புழங்குகிறவர்களுக்கே இந்த கதி என்றால், நமக்கு?

சரி, கண் பொய் சொல்லும், காகிதம் சொல்லாது என்று அடுத்த கட்டத்துக்குப் போவோம். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பேசத் தகுதி இருக்கிறது. நான் படித்தது பி.காம். நாயைப் பற்றித் தெரியாவிட்டாலும், நாயோடு வருகிற பில்லைப் பற்றித் தெரியும்.

'ப்யூர் பிரீட்' என்பதற்கு மூக்கு, வால், காது எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் மிஞ்சுகிற அர்த்தம் இதுதான்... அப்பா, அம்மா இருவர் பெயரும் ஒரே பேரேட்டில் இருக்கிறது. அவ்வளவே! 1873-ல் லண்டனில் கென்னல் கிளப் ஆரம்பித்தபோது செய்த முக்கியமான காரியம், நாய்களுக்கு வம்சாவளிப் பதிவேடு போட்டது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப். குட்டி பிறந்தால் வளர்ப்பவர் தகவல் கொடுக்க வேண்டும். பெற்றோர் பெயர், பிறந்த தேதி, எத்தனை குட்டி எல்லாம் ஏறும். அடையாளத்துக்கு அரிசிமணி அளவில் ஒரு மைக்ரோசிப், அதில் 15 இலக்க எண்.

கணக்குப் படித்தவனுக்கு இந்த முறையின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும். எந்தப் பேரேடும் அதில் எழுதுகிறவரின் நாணயம் அளவுக்குத்தான் உண்மை. தாய் போட்டது ஆறு குட்டி. புத்தகத்தில் எட்டு என்று எழுதினால், உபரியாக வந்த இரண்டு காகிதங்களுக்கு எங்கிருந்தாவது இரண்டு குட்டிகள் வந்து சேர்ந்துவிடும். செத்துப்போன குட்டியின் காகிதம், உயிரோடிருக்கிற வேறொன்றுக்குப் பொருத்தமாகிவிடும். அதனால்தான் ஆடிட்டர்கள் புத்தகத்தைப் பார்த்ததோடு நிற்காமல், குடோனுக்குப் போய் மூட்டையையும் எண்ணுகிறார்கள்.

பெரம்பலூரில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருத்தர், சில வருடங்களுக்கு முன் 'பேப்பரோடு' ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினார். எங்கே வாங்கினார் என்பது வேண்டாம். பெருமையாக என்னிடம் காகிதத்தைக் காட்டினார்.

'ஏண்ணே, இதுல போட்டிருக்கிற பொறந்த தேதிப்படி பார்த்தா, இது அஞ்சு மாசக் குட்டி. பால் பல்லே இப்பதான் எட்டிப் பாக்குது!'

'அதனால என்னடா தம்பி? பேப்பர் இருக்குல்ல?'

'சிப் போட்டிருக்காங்களா?'

'சிப்ஸா? அதெல்லாம் குடுக்கறதில்ல. பெடிகிரிதான் போடறோம்!'

வவுச்சர் ஒரு சரக்குக்கு, மூட்டையில் இருப்பது வேறு சரக்கு. அண்ணன் கொடுத்த கூடுதல் தொகை முழுக்க அந்தக் காகிதத்துக்கு. நாய் கிட்டத்தட்ட இலவசம்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அது நல்ல நாய். ராத்திரி மோட்டார் ஷெட்டுக்குக் காவல் கிடக்கிறது, பேரப்பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தால் சும்மா இருக்கிறது. அந்த காகிதத்தால் அதற்கு ஒரு கூடுதலும் இல்லை, ஒரு குறையும் இல்லை.

காகிதம் மாறினால் நாய் மாறிவிடுமா என்று கேட்கிறவர்களுக்கு அரியலூரிலேயே உதாரணம் இருக்கிறது. 1994-ல் அரியலூரில் ஒரு குட்டி பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அது திருச்சி மாவட்ட நாய். 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது... பெரம்பலூர் மாவட்ட நாய். 2001-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆனது... அரியலூர் நாய். 2002-ல் திரும்பவும் சேர்த்துவிட்டார்கள்... மறுபடி பெரம்பலூர். 2007 நவம்பரில் மீண்டும் அரியலூர் மாவட்டம். பதின்மூன்று வயது வரைக்கும் அந்த நாய் உயிரோடு இருந்திருந்தால், ஒரே தெருவில், ஒரே வாசலில் படுத்தபடியே நாலு தடவை மாவட்டம் மாறியிருக்கும். ஒரு தடவைகூட அது குரைக்கிற விதம் மாறியிருக்காது!

'டி.என்.ஏ. டெஸ்ட் இருக்கே?' என்பீர்கள். இருக்கிறது. நல்ல டெஸ்ட்தான். இன்னார் குட்டிக்கு இன்னார் அப்பாவா என்பதை அது கறாராகச் சொல்லிவிடும். ஆனால் 'இது எந்த இனம்?' என்று கேட்டால், அந்தக் கம்பெனி ஏற்கெனவே சேர்த்துவைத்திருக்கும் இனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் பதில் வரும். பட்டியலில் இல்லாத நம்ம ஊர் நாயை அனுப்பினால், இருப்பதில் எது கிட்டே வருகிறதோ அதன் பெயரைச் சொல்லிவிட வாய்ப்புண்டு. ஊரில் இல்லாத மாமாவைக் கல்யாண ஆல்பத்தில் தேடுகிற கதை.

சரி, காகிதமும் உண்மை, சிப்பும் உண்மை, டி.என்.ஏ.யும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நம் கையில் இருப்பது என்ன? உசத்தியான நாயா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சரியான ஆள் கால்நடை மருத்துவர்கூட இல்லை. பெரம்பலூர் மக்காச்சோள விவசாயி. தமிழ்நாட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் அதிகம் விளையும் மாவட்டங்களில் ஒன்று அது. அங்கே போய், 'ஹைப்ரிட் விதைச்சா என்ன ஆகும்?' என்று கேளுங்கள். 'நல்லா வரும். ஆனா, அதுல இருந்து விதை எடுத்து மறுபடி போட்டா ஒண்ணு நெட்டையா, ஒண்ணு குட்டையா கன்னாபின்னான்னு வரும்' என்பார். மரபியல் பாடம் மொத்தமும் இதில் வந்துவிட்டது. இரண்டு வேறு வேறு வம்சத்தைச் சேர்த்தால் முதல் தலைமுறைக்குத் தெம்பு அதிகம். தமிழில் அதற்குப் பெயரே 'வீரிய ஒட்டு ரகம்'தானே! ஆனால் அடுத்த தலைமுறை எப்படி வரும் என்று சொல்ல முடியாது. சுத்த ரகம் என்றால் நேர்மாறு. பெற்றோர் மாதிரியேதான் பிள்ளையும் வரும்.

ஆக, 'சுத்தம்' என்பதற்கு உயர்வு என்று அர்த்தமே இல்லை. 'ஊகிக்க முடியும்' என்றுதான் அர்த்தம். இந்தக் குட்டி வளர்ந்தால் சுமாராக இத்தனை உயரம், இத்தனை எடை, இந்த மாதிரி முடி... அந்த உத்தரவாதம்தான் ப்யூர் பிரீட். ஃப்ளாட்டில் இருப்பவருக்கு அது உபயோகமான தகவல், மறுக்கவில்லை. ஆனால், அந்த உத்தரவாதத்துக்கு விலை கொடுப்பது நாய்.

எப்படி? பேரேட்டை மூடிவிட்டால் வெளியிலிருந்து வரவு கிடையாது. உள்ளேயே சித்தப்பா மகள், மாமா மகன் என்று சுற்றிச் சுற்றிச் சேர்க்க வேண்டும். நல்ல குணம் எப்படி உறைகிறதோ, அப்படியே நோயும் உறையும். டால்மேஷியன் கதை இதற்குக் கிளாசிக். சுத்தமான டால்மேஷியன்களின் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம். சிறுநீர்க் கல்லால் அவதி. காரணம் ஒரே ஒரு மரபணுக் கோளாறு. வம்சம் முழுக்க அதுதான், நல்ல பிரதி உள்ளே எங்கேயும் மிச்சமில்லை. 1973-ல் ராபர்ட் ஷேபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரு டால்மேஷியனை பாயின்டர் என்ற வேறு இனத்தோடு ஒரே ஒருமுறை சேர்த்து, அந்த நல்ல பிரதியை உள்ளே கொண்டுவந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியனோடேயே சேர்த்தார். நோய் போயிற்று, புள்ளிகள் இருந்தன. அமெரிக்கக் கென்னல் கிளப் என்ன செய்தது? 1981-ல் இரண்டு நாய்களைப் பதிவு செய்துவிட்டு, இனப் பற்றாளர்கள் போட்ட சத்தத்தில் நிறுத்திவிட்டது. மறுபடி கதவைத் திறந்தது 2011-ல். ஒரே ஒரு பாட்டி வேறு இனம் என்பதற்காக முப்பது வருடம்! 99 சதவீதத்துக்கு மேல் டால்மேஷியன், ஆரோக்கியமான டால்மேஷியன். ஆனாலும் 'கலப்பு'.

பக் நாய் ஞாபகம் இருக்கிறதா? 2003-ல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாடியே போகுமே, அது. நாடு முழுக்க அந்தச் சப்பை மூஞ்சிக்கு ஏகப்பட்ட கிராக்கி. மூஞ்சி சப்பையாக ஆக உள்ளே மூச்சுக்குழாய்க்கு இடம் குறைகிறது. நம்ம ஊர் சித்திரை வெயிலில், நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டிய ஒரு பிராணிக்கு, மூச்சு வாங்குவதே கஷ்டம் என்றால்? புல்டாக் இனத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிசேரியன். குட்டியின் தலை அவ்வளவு பெரிசு, தாயின் இடுப்பு அவ்வளவு சிறிசு. பெர்ஷியன் பூனைகளில் வெளிநாட்டு ஆய்வுகளில் பார்த்தபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் பரம்பரைச் சிறுநீரக நோய் இருந்தது. அந்த நோயைக் கண்டுபிடிக்க இப்போது மரபணுச் சோதனையே இருக்கிறது. 'ஒரிஜினல் பெர்ஷியனா?' என்று கேட்டு வாங்குகிற எத்தனை பேர் அந்தச் சோதனையைக் கேட்கிறார்கள்?

இன்னொரு வேடிக்கை. இன்று சுத்தம் என்று கொண்டாடுகிற இனங்களின் மூலத்தைத் தோண்டினால் கலப்புதான் வரும். டாபர்மேனை உருவாக்கிய லூயி டாபர்மேன், ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் வரி வசூல் செய்தவர். வரி கேட்கப் போனால் யார் மாலை போட்டு வரவேற்பார்கள்? துணைக்கு ஒரு முரட்டு நாய் வேண்டும் என்று, கிடைத்த நாய்களையெல்லாம் சேர்த்து உண்டாக்கினார். அவர் எந்தப் பேரேட்டையும் பார்க்கவில்லை, வேலைக்கு ஆகுமா என்று மட்டும் பார்த்தார். பேரேடு பின்னால் வந்தது.

'இதெல்லாம் வெளிநாட்டு நாய்களின் பிரச்னை. நமக்குத்தான் ராஜபாளையம் இருக்கே' என்று நிமிர்ந்து உட்கார வேண்டாம். எனக்கு உண்மையான கவலை அங்கேதான்.

நம் நாட்டு இனங்களுக்கு நல்ல காலம் பிறந்திருப்பது உண்மை. 2005-ல் தபால்துறை வெளியிட்ட நான்கு நாய் ஸ்டாம்ப்களில் ஒன்று ராஜபாளையம். 2017-ல் சு.தியடோர் பாஸ்கரன் இந்திய நாய் இனங்கள் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தன் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவு செய்தபோது, மூன்றில் இரண்டு தமிழ்நாட்டு இனங்கள். சந்தோஷம். ஆனால், கிராக்கி வந்தால் கூடவே 'ஒரிஜினலா?' வரும். அது வந்தால் சுத்தம் பிடிக்கிற வேலை ஆரம்பமாகும்.

இந்த நாய்களை உருவாக்கியது கண்காட்சி மேடை இல்லை. ஓடினால் வைத்துக்கொண்டார்கள், காவல் காத்தால் வைத்துக்கொண்டார்கள். 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம், அது சரியான சட்டமும்கூட. ஆனால் ஓட்டம் என்ற பரீட்சை போனதும் அந்த இடத்தில் அழகுப் போட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. அதுதான் 'அசல்' அடையாளம் என்று நிறத்துக்காகவே பொறுக்கிச் சேர்க்கிறார்கள். நிறமி இல்லாத வெள்ளைக்கும் காதுக்கும் உள் தொடர்பு உண்டு. உள் காதில் நிறமி செல்கள் இல்லாமல் போனால் செவிப்புலனே பாழாகும். டால்மேஷியன்களில் பத்துக்கு இரண்டு, மூன்று ஒரு காதோ இரண்டு காதுமோ கேளாதவை. ராஜபாளையத்திலும் பிறவிச் செவிட்டுக் குட்டிகள் வருவது தெரிந்த விஷயம். எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு விலை என்று போனால், நாம் காசு கொடுத்து வாங்குவது காவல் நாயை அல்ல... திருடன் வந்தாலும் காதில் விழாத ஒரு காவல் நாயை!

எண்ணிக்கை குறைந்த இனங்களைச் சின்ன வட்டத்துக்குள் அடைத்துப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் உள்ளூர்ப் பாடம் உண்டு. நாட்டு இனங்களைக் காப்பதற்கென்று சென்னை சைதாப்பேட்டையில் அரசே ஒரு நாய்ப் பண்ணை நடத்திவந்தது. அங்கே நாய்கள் வைத்திருந்த நிலைமை பற்றி வழக்குப் போய், கடைசியில் அதை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சுத்தத்தைக் காப்பது வேறு, நாயைக் காப்பது வேறு.

இனம் எது என்பதைச் சட்டமும் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களைப் பட்டியலிட்டு, 'இவையும் இவற்றின் கலப்புகளும் ஆபத்தானவை, தடுங்கள்' என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடுத்த மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் குதறின. கோபம் நியாயம். ஆனால் பட்டியல் போட்டு அமல்படுத்தினால், வாசலில் நிற்கும் நாய் பிட்புல் கலப்பா இல்லையா என்று எந்த ஊழியர் எதைப் பார்த்துச் சொல்வார்? அண்ணத்தையா, நகத்தையா? 18,000-க்கும் அதிகமான நாய்களின் உரிமையாளர்களிடம் விவரம் சேகரித்து 2022-ல் வந்த பெரிய ஆய்வு, ஒரு தனி நாயின் குணத்தில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. மிச்சத்தில் வளர்ப்பும் உண்டு, சூழலும் உண்டு. பெரிய தாடையுள்ள நாய் கடித்தால் காயம் பெரிசு, அது உண்மை. அதற்கு வேண்டியது கயிறும் வாய்மூடியும் பொறுப்புள்ள ஆளும். வம்சாவளி அல்ல.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இந்த மோகம்? பதில் நம் வாயிலேயே இருக்கிறது. ஆங்கிலத்துக்காரன் பெடிகிரி என்கிறான். நாம் என்ன சொல்கிறோம்? 'சாதி நாய்'. சாதி, சுத்த ரத்தம், கலப்பு... நாயைப் பற்றிப் பேசும்போது நாம் உபயோகிக்கிற அத்தனை வார்த்தையும் மனுஷனிடமிருந்து எடுத்துக் கொடுத்தவை. அதே வீட்டுக் கொட்டகையில் நிற்கிற கலப்பினப் பசுவுக்கு மட்டும் இந்த அவமானம் கிடையாது. அது பால் கறக்கிறது, 'கலப்பு' என்றால் விலை கூடுகிறது. கொல்லையில் வீரிய ஒட்டுச் சோளம். வாசலில் மட்டும் சுத்த ரத்தம் வேண்டும்! கலப்புத் திருமணத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி பெயரில் நிதியுதவித் திட்டம் வைத்திருக்கிற மாநிலம் இது. எங்கே லாபமோ அங்கே கலப்பு நல்லது, எங்கே கௌரவமோ அங்கே கெட்டது என்பது பேலன்ஸ் ஷீட்டில் உதைக்கிறது. நாய் விஷயத்தில் 'சுத்தம்' என்ற சொல்லைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பழகுகிற வீட்டில், ஒருநாள் அதே சொல் மகளின் கல்யாணப் பேச்சில் சிரிக்காமல் வந்து நிற்கும். நமக்கு அந்தச் செய்திகள் புதிதில்லை.

சரி, எல்லாம் போகட்டும், எனக்கு ஒரு லேப்தான் வேண்டும் என்கிறீர்களா? தப்பில்லை. வாங்குங்கள், கணக்குப் பார்த்து வாங்குங்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொடுக்கிறவர் அங்கேயே அவுட். காகிதம் கொடுத்தால், ஸ்கேனர் வைத்துச் சிப் எண்ணைப் படித்து, காகிதத்து எண்ணோடு ஒத்துப்பாருங்கள். தேதியைக் குட்டியின் பல்லோடு ஒத்துப்பாருங்கள். உங்கள் பெயருக்கு மாற்றித் தராத காகிதம் வெறும் காகிதம். பெரிய இனம் என்றால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரே, பெர்ஷியன் என்றால் சிறுநீரகச் சோதனை, வெள்ளை நாய் என்றால் தூங்கும்போது பின்னாலிருந்து ஒரு கைதட்டல்.

இதெல்லாம் முடியாது, ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும் என்றால், 'ஒரிஜினலா?' என்பதை விட்டுவிடுங்கள். 'இதோட அம்மா எங்கே?' என்று கேளுங்கள். தாயை நேரில் பார்த்தால் குட்டி எவ்வளவு பெரிசாக வளரும், குணம் எப்படி, சுவாசம் சீராக இருக்கிறதா, எத்தனை ஈற்றில் அது நைந்துபோயிருக்கிறது, குட்டி இந்த வீட்டில்தான் பிறந்ததா... எல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். விற்கிறவர், 'அம்மா ஊர்ல இருக்குங்க' என்று இழுத்தால், காசை எடுக்காமல் படியிறங்கிவிடுங்கள்.